15,000 ராண்டில் ஒரு கேமிங் மெஷின்: பத்து மாதம் ஓட்டிய பிறகு

எனக்கு கம்ப்யூட்டர் கேம் ஆடத் தெரியாது. ஆடுவது மகன், பதினாலு வயது. காசு என்னுடையது, தேடி அலைந்தது இரண்டு பேரும், பாகங்களைப் பூட்டியதில் பாதி நாங்கள், மீதி தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு சின்னக் கடைக்காரர். யூடியூபில் வரும் ரிவ்யூக்கள் எல்லாம் மெஷினைப் பூட்டிய அன்றைக்கே எடுத்தவை, அன்றைக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் 2025 மார்ச்சில் பூட்டினோம். ஒரு கரும்பு வெட்டு சீசன், ஒரு டிசம்பர் புழுக்கம், எத்தனை என்று எண்ணாத கரண்ட் கட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது எழுதினால்தான் எது காசுக்கு உழைத்தது, எது தண்டம் என்று சொல்ல முடியும்.

பட்ஜெட் 15,000 ராண்ட், மானிட்டரும் இதற்குள். கீபோர்டு, மவுஸ் பழையது. கடைசியில் 14,950இல் முடிந்தது, மீதி ஐம்பது ராண்டுக்கு கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் ‘பன்னி சவ்’ கூட வராது.

முதலில் ரெடிமேட் மெஷின்தான் பார்த்தோம். ‘கேமிங் பிசி’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, முன்னால் நாலு கலர் ஃபேன் சுற்றும், விலையும் நம் கைக்கு எட்டுவது போல இருக்கும். உள்ளே என்ன கிராஃபிக்ஸ் கார்டு (கேமின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பாகம்) என்று கேட்டால் ஜிடி 1030 என்றார்கள். அது 2017இல் வந்த கார்டு, அப்போதே கேம் ஆடுகிறவர்களுக்கான கார்டு இல்லை. அதிலும் அடுத்த வருஷம் டிடிஆர்4 மெமரி போட்டு, அதே பெயரில், மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிய இன்னொன்றை விட்டார்கள். பெட்டியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பவர் சப்ளை (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்ன பிராண்ட் என்று கேட்டதற்கு அந்தப் பையன் "500 வாட்ஸ் சார்" என்றான். நான் கேட்டது பெயரை. பெயர் இல்லை.

சரி, தனித்தனியாகவே வாங்குவோம் என்று உட்கார்ந்தோம்.

மகன் ப்ராசசரிலிருந்து ஆரம்பித்தான், நான் மானிட்டரிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். காரணம் எளிது. 1080பி (1920க்கு 1080 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 தடவை படம் மாறும்), 24 இன்ச், இதுதான் நம் காசுக்கு (2,400 ராண்ட்). அப்படியென்றால் 1080பி படத்தை நன்றாகத் தள்ளும் கார்டு போதும், அதற்கு மேல் போடுவதெல்லாம் நாம் பார்க்கவே முடியாத படத்துக்குக் கட்டும் வாடகை. இப்படிப் பார்த்ததில் ஆர்எக்ஸ் 6600 வந்து நின்றது. 2021 அக்டோபரில் வந்த கார்டு, பழசுதான். 8 ஜிபி மெமரி, 132 வாட்ஸ்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் வயர். எங்களுக்கு 4,500 ராண்டுக்குக் கிடைத்தது, மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அது சரியான கணக்கு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதற்குப் போட்டியாக மகனின் நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஆர்டிஎக்ஸ் 3050. இங்கே கவனம். 2022இல் வந்த 3050 வேறு, 2024இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி 3050 வேறு. 6 ஜிபியில் மெமரி மட்டும் குறைந்தது என்று நினைக்காதீர்கள், உள்ளே கணக்குப் போடும் கோர்களும் 2,560இலிருந்து 2,304 ஆகிவிட்டது, மெமரி பஸ், அதாவது மெமரிக்குப் போகும் பாதையின் அகலம், 128 பிட்டிலிருந்து 96 பிட். அதற்குத் தனி பவர் வயர் வேண்டாம், 70 வாட்ஸில் ஓடும், அதனால் பழைய ஆபீஸ் மெஷினில் செருக நினைக்கிறவர்களுக்கு அது நல்ல கார்டு. புது மெஷினுக்கு இல்லை. கடையில் இரண்டையும் ‘3050’ என்றே சொல்கிறார்கள், எத்தனை ஜிபி என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டும் பார்த்தோம். 2022 செப்டம்பரில் கார்டுகளை ஓட்டி ஈத்தீரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் நின்றதும் சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகள் இன்னமும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. அதில் நல்லதும் இருக்கும், ஆனால் எது என்று தெரியாது. ஒருவர் தன் கார்டு ஓடுவதைக் காட்டாமலேயே ஒரு பெட்ரோல் பங்க்கில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். சரிதான் என்று விட்டுவிட்டேன். விற்கிற பக்கத்திலும் கவனமாக இருங்கள், போலி ‘ப்ரூஃப் ஆஃப் பேமென்ட்’ (பணம் அனுப்பிய ரசீது) அனுப்பிப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இங்கே நிறைய. பணம் கணக்கில் ஏறியதை நம் கண்ணால் பார்த்த பிறகுதான் பொருள் கை மாற வேண்டும்.

சென்னையிலிருந்து மச்சான் வருவதாக இருந்தது, "ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வந்துடவா?" என்று கேட்டார். நானும் ஒரு காலத்தில் அந்த எலக்ட்ரானிக்ஸ் தெருவில் சுற்றியவன்தான், ஆசையாக இருந்தது. விலையைப் போட்டுப் பார்த்தோம். அங்கே ஜிஎஸ்டி 18 சதவீதம், இங்கே வாட் வரி 15. பெரிய லாபம் ஒன்றும் தேறவில்லை. கார்டு மண்டையைப் போட்டால் வாரண்டிக்கு மறுபடி சென்னைக்கு அனுப்ப வேண்டும், அதை நினைத்ததும் ஆசை போய்விட்டது. மச்சான் முறுக்கு கொண்டு வந்தார்.

ப்ராசசர் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட்ஸ், டப்பாவிலேயே ஒரு சின்ன ஃபேன். இதிலும் ஒரு குழி இருக்கிறது: 5600ஜி என்று ஒன்று விற்கும், எழுத்து ஒன்று கூடியிருப்பதால் உசத்தி என்று நினைத்துவிடுவோம். அதில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, அதற்கு விலையாக ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் (cache) மெமரி பாதி, கார்டோடு பேசும் பிசிஐ பாதையின் வேகமும் ஒரு தலைமுறை பழையது. கார்டே வாங்க முடியாதவர்களுக்கு ஜி நல்லது. கார்டு வாங்குகிறவர்கள் ஜி இல்லாததை எடுங்கள். இன்டெல்லில் ஐ5 12400எஃப் கூட எங்களுக்குச் சம்மதம்தான், மதர்போர்டு விலையில்தான் தட்டிப்போனது.

போர்டு பி550. ஐநூறு ராண்ட் குறைவாக ஒரு பி450 இருந்தது, ஆனால் அலமாரியில் பல வருஷம் கிடந்த பழைய ஸ்டாக். பயாஸை (போர்டை எழுப்பும் உள் புரோகிராம்) அப்டேட் பண்ணாமல் அந்தப் போர்டில் 5600 எழுந்திருக்காது, அப்டேட் பண்ண வேண்டுமென்றால் பல போர்டுகளில் வேறொரு பழைய ப்ராசசரைப் போட்டு எழுப்ப வேண்டும். ஐநூறு ராண்டுக்கு இந்தத் தலைவலி எனக்கு வேண்டாம். தவிர 6600 கார்டு பிசிஐ பாதையில் எட்டு லேனில்தான் பேசும், பி550இல் அதற்கு முழு வேகம் கிடைக்கிறது.

இப்போது பவர் சப்ளை. இதைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

2023 லோட் ஷெடிங் ஞாபகம் இருக்கிறதா? முறை வைத்துக் கரண்டை நிறுத்துவார்கள், ஸ்டேஜ் ஏற ஏற நேரம் கூடும். ஸ்டேஜ் 6, ஸ்டேஜ் 4, மறுபடி ஸ்டேஜ் 6. அப்போது வீட்டில் ஒரு பழைய மெஷின் இருந்தது, நான் கணக்கு எழுதுவதற்கு. அதில் பவர் சப்ளை போனபோது யாரோ சொன்னார்கள் என்று பெயர் தெரியாத ஒன்றை முன்னூறு ராண்டுக்கு மாட்டினேன். கையில் தூக்கினால் காலி பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கும். ஒரு சாயங்காலம் ஷெடிங் முடிந்து கரண்ட் வந்தது, ஃப்ரிட்ஜ் ஒரு உறுமல் உறுமியது, மேசைக்கு அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்புறம் மீன் கருகியது போல ஒரு வாடை. பவர் சப்ளை மட்டும் போகவில்லை, போர்டையும் ஹார்டு டிஸ்கையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா இங்கே வந்திருந்தபோது எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன.

ஆகவே இந்த முறை 550 வாட்ஸ், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (bronze) தரச் சான்று, பெயருள்ள கம்பெனி, ஐந்து வருஷ வாரண்டி, 1,100 ராண்ட். எங்கள் மெஷின் கேம் ஓடும்போது சுவரிலிருந்து இழுப்பது மானிட்டரையும் சேர்த்து 250 வாட்ஸைச் சுற்றித்தான், 750 எல்லாம் தேவையே இல்லை. வாங்கும்போது பெட்டியில் பெரிசாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்ப்ஸ் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்கு உண்மையில் உதவும் வாட்ஸ். நல்ல 550இல் 45 ஆம்ப்ஸ் பக்கத்தில் இருக்கும், அதாவது 540. அந்த ரெடிமேட் மெஷினில் இருந்த ‘500 வாட்ஸ்’ ஸ்டிக்கரை மகன் குனிந்து படித்தான்: 25 ஆம்ப்ஸ். வெறும் 300.

இப்போது ஷெடிங் அந்த அளவுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர் போவது, கேபிளை வெட்டிக்கொண்டு போவது, கோடை இடி மின்னல் எல்லாம் இருக்கத்தானே செய்கிறது. கரண்ட் போனால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் போட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். யுபிஎஸ் பிறகு வாங்கினேன், 1,000 விஏ, அதில் உண்மையில் கிடைப்பது 600 வாட்ஸ். கேமை சேவ் பண்ணி அணைக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆடிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு குட்டி 12 வோல்ட் யுபிஎஸ் வைத்திருக்கிறோம், காசுக்கு அதுதான் நிஜமாகவே உழைக்கிறது.

இன்னொன்று, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: மெஷினோடு வரும் வயரை இங்கே ‘கெட்டில் கார்ட்’ (kettle cord) என்பார்கள், கடையில் அப்படிக் கேட்டால்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள். அதன் மறுமுனையில் இருக்கும் தடித்த மூன்று குண்டுப் பின் வேறொன்றும் இல்லை, நம்மூரில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் அதே பெரிய பிளக்தான்.

கேஸ், அதாவது எல்லாவற்றையும் வைக்கும் வெளிப் பெட்டி, அந்த விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. "அப்பா, ஃபுல் கண்ணாடி, உள்ளே எல்லாம் தெரியணும்." சரி என்று கண்ணாடி கேஸையே ஆன்லைனில் போட்டோம். வந்ததைப் பிரித்துப் பார்த்தால் முன்பக்கம் முழுக்க மூடிய கண்ணாடி, காற்று பக்கவாட்டில் ஒரு விரல் சந்து வழியாக உள்ளே போக வேண்டும், அதில் ஃபில்டரும் கிடையாது. நாங்கள் இருப்பது டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம். சுற்றிலும் கரும்பு. சீசன் வந்தால் வெட்டுக்கு முன்னால் கரும்புச் சோகையை, காய்ந்த இலையைக் கொளுத்துவார்கள், சாயங்காலம் வானத்திலிருந்து கறுப்புக் கறுப்பாக நூல் மாதிரி சாம்பல் இறங்கும், கொடியில் காயும் சட்டையில் கை வைத்தால் கோடு விழும். இந்த ஊருக்கு ஃபில்டர் இல்லாத கேஸா? ஆன்லைனில் வாங்கியதை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது, திருப்பும் கூரியர் செலவு மட்டும் நம்முடையது. திருப்பினேன். கூரியர் காசு என் இளகிய மனசுக்கு அபராதம்.

அதற்குப் பதில் வாங்கியது முன்பக்கம் வலை வைத்தது, 950 ராண்ட், கழற்றிக் கழுவும் ஃபில்டரோடு. ஆகஸ்டில் அதை முதல் தடவை கழற்றினேன். சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி மாதிரி படிந்திருந்தது, அதற்குள் அரை விரல் நீளத்துக்கு எரிந்த சோகைத் துண்டு ஒன்று, நொறுங்காமல் அப்படியே. தொட்டதும் பொடியானது. அது கார்டின் ஃபேனுக்குள் போயிருந்தால் என்று மகன் கேட்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் கண்ணாடிப் பேச்சு இல்லை.

ப்ராசசரோடு வரும் ஃபேன் மார்ச்சிலிருந்து நவம்பர் வரை தாக்குப்பிடித்தது. டிசம்பரில் அறை 31 டிகிரி, காற்றில் ஈரம், கேம் ஓடும்போது 85 டிகிரியைத் தொட்டது. அந்த ப்ராசசருக்கு மேல் எல்லை 90. ஆபத்தில்லை, ஆனால் சத்தம் மிக்சி மாதிரி. 450 ராண்டுக்கு ஒரு சின்ன டவர் கூலர் போட்டோம், பதினைந்து டிகிரி இறங்கியது. முதலிலேயே போட்டிருக்கலாமா என்றால், வேண்டாம், ஓசியில் வருவதை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் 1 டிபி என்விஎம்இ, 1,150 ராண்ட். பிரச்சினை இல்லை, எழுதவும் ஒன்றுமில்லை. 500 ஜிபி மட்டும் வாங்காதீர்கள், சில பெரிய கேமிலேயே நிறைந்துவிடும்.

பூட்டிய கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் போடவில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் கொள்ளுப்பேரன். தமிழில் அவரிடம் மிச்சம் இருப்பது "தம்பி", "ஐயா" மாதிரி ஒரு கைப்பிடி சொற்கள், மற்றபடி டர்பன் இங்கிலீஷ். ப்ராசசர், போர்டு, பவர் சப்ளை அவரிடம் வாங்கினோம், மற்றதை ஆன்லைனில் எடுத்துக்கொண்டு போனோம். முகம் சுளிக்கவில்லை. 750 வாட்ஸ் கேட்டதற்கு "வேண்டாம் தம்பி" என்று 550ஐ எடுத்து வைத்தவர் அவர்தான், தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்டு. ப்ராசசரையும் போர்டையும் அவர் பூட்டிக் காட்ட, மகனும் கூட நின்று பழகினான். குறை என்றால், சொன்ன நாளுக்கு நாலு நாள் கழித்துத்தான் முடிந்தது, ஃபோன் எடுப்பதே இல்லை. வயர்களையும் ஒழுங்காகக் கட்டித் தரச் சொல்லி வாங்க வேண்டியிருந்தது, அவர் விட்டபடி விட்டிருந்தால் பின் கதவு மூடாது.

கார்டையும் மெமரியையும் வீட்டில் நாங்களே போட்டோம். ராத்திரி பத்தரை மணி, சுவிட்சைத் தட்டினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை இருட்டு. மெமரியைக் கழற்றி மாட்டினோம், கார்டைக் கழற்றி மாட்டினோம். நாலாயிரத்து ஐநூறு ராண்ட் போச்சே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது நிமிஷம் கழித்து மனைவி வந்து, "இந்த மாதிரி ஓட்டை கீழேயும் ஒண்ணு இருக்கே, அது என்னது?" என்றாள். மானிட்டர் வயரைப் போர்டில் செருகியிருக்கிறோம். 5600இல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டில் செருகினால்தான் படம் வரும். மேலே நாலு பாரா அளந்தேனே, அதெல்லாம் தெரிந்த ஆள்தான் இதையும் செய்தது.

அது போதாதென்று மூன்று வாரம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60இல் ஓட்டியிருக்கிறான் பையன். விண்டோஸ் தானாக மாற்றாது, டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் நாம்தான் மாற்ற வேண்டும். மெமரியும் அப்படித்தான், பெட்டியில் 3200 என்று இருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக செட்டிங்கைப் போடாதவரை குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

மெமரி என்றதும் ஒரு கதை. 16 ஜிபியை ஒற்றையாக வாங்காமல் 8, 8 என்று ஜோடியாக வாங்கினோம், 850 ராண்ட், இரண்டு வழியில் ஓடினால்தான் ப்ராசசர் காத்துக்கிடக்காது. நாலாவது மாதம் கேமுக்கு நடுவே நீலத்திரை வந்து மெஷின் நிற்க ஆரம்பித்தது. பென் டிரைவில் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பழுது. வாங்கிய ஆன்லைன் கடை, "சப்ளையருக்கு அனுப்புவோம், மூன்று வாரம் ஆகும், அப்புறம் பார்ப்போம்" என்றது. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, பிரிவு 56: வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுதானால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. கோபப்படாமல் இதை மட்டும் இரண்டு வரி மெயில் போட்டேன். ஒரு வாரத்தில் புது ஜோடி வந்தது.

ஓட்டம் எப்படி என்று கேட்பீர்கள். ஜிடிஏ 5 ஹை செட்டிங்கில் நூறு எஃப்பிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு எத்தனை படம்) மேல், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 நூற்றைம்பதைச் சுற்றி. அதற்கு ஜோஹன்னஸ்பர்க்கில் சர்வர் இருப்பதால் பிங்கும் (சர்வருக்குப் போய் வரும் நேரம், மில்லி விநாடியில்) பிரச்சினை இல்லை. ஐரோப்பா சர்வரில் மட்டுமே ஓடும் கேம்களில் பிங் 160க்கு மேல் போகும், அதற்கு எந்தக் கார்டு வாங்கியும் பயனில்லை. ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் காட்டும் ரே ட்ரேசிங்கை மறந்துவிடுங்கள், இந்தக் கார்டுக்கு அது ஆகாது.

இன்றைக்கு இதே பட்டியலை அப்படியே வாங்கப் போனால் 15,000க்குள் வராது. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால், நாங்கள் 850க்கு வாங்கிய ஜோடிக்கு இப்போது இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 மெஷின் இருந்தால் அதன் மெமரியைக் கழற்றிக்கொள்ளுங்கள், மெஷினோடு சேர்த்து விற்றுவிடாதீர்கள். அதை மெம்டெஸ்டில் ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு, மிச்சமாகும் காசை பவர் சப்ளையில் போடுங்கள்.